பிறையில் ஃபீல்டு கெமிஸ்ட் வேலை: போகலாமா, வேண்டாமா?

காயத்ரி_பட்டர்வொர்த் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேதியியல் பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரே நேரத்தில் இரண்டு வந்திருக்கிறது. ஒன்று கெடா மாநிலம் கூலிமில் கையுறைத் தொழிற்சாலை லேப்பில் கியூ.சி., அதாவது தரப் பரிசோதனை. இன்னொன்று பினாங்கு மாநிலம் பிறையில், அபாயக் கழிவு எடுக்க லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியில் ஃபீல்டு கெமிஸ்ட். சம்பளம் இரண்டாவதில்தான் கொஞ்சம் கூட, வெளியே போகும் நாளுக்குத் தனிப்படி உண்டு. ஆனால் அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். "குப்பை அள்ளவா உன்னை யூ.எஸ்.எம். பல்கலைக்கழகம் வரைக்கும் படிக்க வைத்தோம்" என்று அழுகை வேறு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உடம்புக்கு ஒன்றும் வராதே என்று மட்டும் கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாக்மண்டின்_ரவி எழுதியது:

தங்கச்சி, நான் இந்த வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

லேப்பில் உன் மேசைக்கு வரும் சாம்பிளுக்குப் பெயர் இருக்கும். எங்களிடம் வருவதற்குப் பெயர் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், இருக்கிற பெயரே தப்பாகவும் இருக்கலாம். ட்ரம்மில் "ஹைட்ராலிக் ஆயில்" என்று ஸ்டிக்கர் இருக்கும், அது ட்ரம் புதிதாக வந்தபோது உள்ளே இருந்தது. இப்போது உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பது அந்த நைட் ஷிஃப்ட்காரருக்குத்தான் தெரியும், அவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. அள்ளுவது, உருட்டுவது எல்லாம் அப்புறம்.

நம் மலேசியாவில் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த ஷெட்யூல்டு வேஸ்ட் (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு, சுருக்கமாக எஸ்.டபிள்யூ) ஒழுங்குமுறைதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. 77 வகைக் கழிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எஸ்.டபிள்யூ 305 என்றால் பழைய எஞ்சின் எண்ணெய், 322 ஹாலோஜன் (குளோரின் மாதிரி தனிமங்கள்) இல்லாத கரைப்பான், 206 அமிலம், 409 ரசாயனம் ஒட்டிய காலி ட்ரம், 430 காலாவதியான லேப் ரசாயனம். கொஞ்ச நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாய்.

காலையில் லோரிக்காரரோடு கிளம்பி பாயான் லெப்பாஸோ, பத்து காவானோ, சிம்பாங் அம்பாட்டோ போவாய். ஸ்டோரில் நுழைந்ததும் லேபிளில் முதல் தேதி, கழிவை உண்டாக்கிய கம்பெனியின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறதா பார்ப்பாய். ஈ-ஸ்விஸில் (கழிவைப் பதிவு செய்யும் அரசாங்க ஆன்லைன் முறை) போட்டிருக்கும் எண்ணும் ட்ரம்மில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா, எடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பாய். ஏழாவது அட்டவணைப்படி கொடுக்க வேண்டிய தகவல் அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்பாய். பாதி இடங்களில் "பாஸ் வந்ததும் தருகிறோம்" என்பார்கள். பாஸ் வரும்வரை லோரியில் ஏற்றாதே.

லேபிள் இல்லாத ட்ரம் வந்தால் திறப்பதற்கு முன்னால் அதன் தலையைப் பார். மேல் தகடு உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, கை வைக்காதே, எல்லாரையும் பின்னால் போகச் சொல். தகடு தட்டையாக இருந்தால் மட்டும், காற்று வரும் பக்கம் நின்று, சின்ன மூடியை ஒரே சுற்றில் கழற்றாமல் கால் திருகு திருகி நிறுத்து. உஸ் என்று சத்தம் வந்தால் அடங்கும்வரை காத்திரு. அப்புறம் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு மேலிருந்து அடிவரை ஒரு தூண் எடு, எத்தனை அடுக்கு இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அதில் சில சொட்டு போதும். பி.எச். தாள். பொட்டாசியம் அயோடைடு மாவுத் தாள், அது கருநீலமாக மாறினால் ஆக்சிஜனேற்றி, அதாவது மற்றதை எரியத் தூண்டும் பொருள். ஒரு சொட்டு தண்ணீரில், மிதக்கிறதா, மூழ்குகிறதா, கலக்கிறதா, சூடாகிறதா. செம்புக் கம்பியைச் சுட்டு அதில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டினால் பச்சை எரியும், அப்படியென்றால் ஹாலோஜன் இருக்கிறது, 322 இல்லை, 323. (நெருப்பு காட்டுவது ஸ்டோரில் இல்லை, தள்ளி, ட்ரம் பக்கத்தில் இல்லாத இடத்தில். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது அங்கேயே லைட்டர் எடுப்பார்கள்.) சயனைடு, சல்ஃபைடு இருக்கிறதா என்று பார்க்கும் வரை அமிலத்தின் பக்கத்தில் அந்த ட்ரம்மை வைக்கவே கூடாது.

இதெல்லாம் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரிதான். ஆனால் தப்பானால் மார்க் குறையாது, ஆள் போய்விடும்.

பாயான்_பாதுகாப்பு எழுதியது:

ரவி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் எதிர்ப் பக்கம், அதாவது கழிவை உண்டாக்கும் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவு. எங்கள் பக்கத்து உண்மையையும் சொல்கிறேன்.

சட்டப்படி கழிவை 180 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, 20 மெட்ரிக் டன்னையும் தாண்டக்கூடாது. நடப்பது என்ன? 170ஆவது நாள்தான் யாராவது ஸ்டோரை எட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் கான்ட்ராக்டருக்கு அவசர அவசரமாக போன். அந்த நேரத்தில் வரும் கெமிஸ்ட் மேல் எல்லாப் பக்கமும் அழுத்தம் இருக்கும், காயத்ரி இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேனேஜர் "இன்றைக்கே எடுத்தாக வேண்டும்" என்பார், உங்கள் மேனேஜர் "கஸ்டமரை இழக்கக்கூடாது" என்பார்.

பாயான் லெப்பாஸில் 1970களிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் ஓடுகிறது. நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அசிட்டோன், முலாம் பூசும் பிரிவின் சேறு, அமிலங்கள். வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கன் தகடு) கழுவ கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஒரு கரைசல் வைப்பார்கள். அது பயன்படுத்தி முடித்த பிறகும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும், இறுக்கி மூடினால் கேன் வெடிக்கும், அதில் கொஞ்சம் அசிட்டோன் பட்டாலும் வெடிக்கும். அதற்குக் காற்று விடும் மூடி தனியாக உண்டு. அந்த மூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முன்பு நான் வேலை செய்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நைட்ரிக் அமிலக் கழிவு கேன் ஒன்று, மேலே "ஆசிட்" என்று மட்டும் மார்க்கரில் எழுதியிருந்தது. இரவில் யாரோ மிச்சமிருந்த ஆல்கஹாலை அதில் ஊற்றிவிட்டார். ஒன்றும் உடனே ஆகவில்லை. அதுதான் கொடுமை. காலையில் எடுக்க வந்த கான்ட்ராக்டர் பெண், உங்கள் மாதிரி ஒரு கெமிஸ்ட்தான், கேனைத் தூக்குவதற்கு முன்னால் புறங்கையை கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து "இது ஏன் சூடாக இருக்கிறது" என்று கேட்டாள். மூடி ஓரத்தில் லேசாகப் பழுப்புப் புகை. எல்லாரையும் வெளியே அனுப்பி, போம்பாவை (தீயணைப்புப் படை) கூப்பிட்டோம். அது லோரியில் ஏறி பினாங்குப் பாலத்தின் நடுவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கூலிம்_முரளி எழுதியது:

காயத்ரி, நான் லேப் ஆள், அதனால் லேப் பக்கம்தான் பேசுவேன். லேப்பில் முறை இருக்கிறது, ஏர்கான் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 17025 என்ற லேப் தர முறையில் அனுபவம் கிடைக்கும், எந்த ஊர் போனாலும் அது செல்லும். ஃபீல்டு வேலை சின்ன வயதில் நன்றாக இருக்கும். முப்பத்தைந்து வயதில் வெயிலில் டைவெக் உடுப்பு போட்டுக்கொண்டு ட்ரம் எண்ண முடியுமா? இன்னொன்று, இங்கே எழுதுகிறவர்கள் நல்ல கம்பெனியில் இருக்கிறார்கள் போல. எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்து ஒரு வாரம் ஓட்டச் சொன்னார்கள். மாஸ்க் பில்டர் மாற்றக் கேட்டால் முறைப்பார்கள். அம்மா அழுவதில் தப்பே இல்லை.

செல்வி_செந்தூல் எழுதியது:

முரளி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நான் கோலாலம்பூரில் தொழில்சார் சுகாதாரத் துறையில் இருக்கிறேன், இந்த மாதிரி கம்பெனிகளுக்கு ரசாயன அபாய மதிப்பீடு செய்யும் குழுவில் வேலை. தங்கச்சி, அப்பா கேட்டாரே உடம்புக்கு என்ன ஆகும் என்று, அதற்கு நேரான பதில்: எதைத் தொடுகிறாய், என்ன போட்டுக்கொண்டு தொடுகிறாய் என்பதைப் பொறுத்தது.

நீலக் கலர் நைட்ரைல் கையுறையை எல்லாரும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். எண்ணெய்க்கு அது நல்லது. அசிட்டோனுக்கு ஆகாது, சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். டைகுளோரோமீத்தேனுக்கும் மெல்லிய நைட்ரைல் நிற்காது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி ஒன்றிரண்டு சொட்டு அவர் லேடெக்ஸ் கையுறை மேல் பட்டது. அன்றைய விதிப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தார். 1997 ஜூனில் இறந்துபோனார். அந்தக் கையுறை அதைத் தடுக்கவே தடுக்காது என்று அதற்குப் பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்தக் கையுறை எதற்கு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கு, அது இல்லாத கம்பெனியில் சேராதே.

அப்புறம் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். பினாங்கில் சிப் தொழில் இருக்கும் வரை அது உன் எதிரில் வரும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவாய். இது நீர்த்த நிலையில் பட்டால் வலியே மணிக்கணக்கில் கழித்துத்தான் வரும், அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் போனால் இதயமே நின்றுவிடும். பட்ட இடத்தைத் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லோரியில் அந்த ஜெல் டியூப் இருக்கிறதா, காலாவதி தேதி தாண்டவில்லையா? இதைக் கேள். ஆஸ்பத்திரியில் "ஆசிட் பட்டது" என்று மட்டும் சொல்லாதே, எந்த ஆசிட் என்று சொல்.

உடல்நலக் கண்காணிப்புப் பதிவுகளை முதலாளி 30 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சேரும்போதே ரத்தம், நுரையீரல் எல்லாம் அடிப்படைச் சோதனை எடுக்கச் சொல், ஒரு பிரதி உன் கையில் வைத்துக்கொள். ஈயம், சில கரைப்பான்கள் விஷயத்தில் பெண்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அந்த வேலையிலிருந்து மாற்றி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதைக் கேட்க வெட்கப்படாதே.

வடக்குதெற்கு_லோரி எழுதியது:

நான் படித்தவன் இல்லை, லோரி ஓட்டுகிறவன். பிறையிலிருந்து நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் இருக்கும் எரிப்பு ஆலை வரைக்கும் இந்தச் சரக்கைத்தான் கொண்டுபோகிறேன். கெமிஸ்ட் எழுதிக் கொடுக்கிறதை நம்பித்தான் ஸ்டியரிங் பிடிக்கிறேன். எதோடு எதை ஏற்றக்கூடாது என்று கெமிஸ்ட் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் எல்லாரும் கெமிஸ்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ட்ரம்மை உருட்டுகிற தம்பிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் பிள்ளைகள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, அவர்கள் பாஷையில் யாரும் எழுதுவதும் இல்லை. சில கெமிஸ்ட் காரை விட்டு இறங்கி கையெழுத்துப் போட்டுவிட்டு ஏர்கானில் உட்கார்ந்துகொள்வார். நான் பார்த்த நல்ல கெமிஸ்ட்கள் ஒவ்வொரு ட்ரம்மாகத் தொட்டுக் காட்டி, இது மூச்சு, இது கண், இது தீ என்று சைகையிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க விடுவார்கள். தங்கச்சி நீ வந்தால் அப்படி வா.

மழை விஷயம் ஒன்று. அலுமினியம் உருக்கும் இடத்தில் டிராஸ் என்று ஒரு கசடு வரும், மூட்டை மூட்டையாக. அதில் தண்ணீர் பட்டால் அமோனியா கிளம்பும், சூடும் ஏறும், தீப்பிடிக்கிற வாயுவும் வரும். நம் ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? கேன்வாஸ் சரியாகக் கட்டவில்லை என்றால் பின்னால் வருகிற மோட்டார்காரன் கண் எரிந்து விழுவான்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம்மில் கொட்டினார்களே, 111 பள்ளிக்கூடம் மூடினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மூச்சுத் திணறி சிகிச்சைக்குப் போனார்கள். முறையாக எடுத்து எரிக்கக் காசு ஆகும் என்று ஒருவன் ராத்திரியில் ஆற்றில் விட்டான். ஒழுங்காக எடுக்க ஆள் இல்லை என்றால் அதுதான் நடக்கும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இது குப்பை அள்ளுகிற வேலை இல்லை.

மாக்மண்டின்_ரவி எழுதியது:

லோரி அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் மறுபடி வந்தேன். ரொம்பச் சரி.

முரளி தம்பிக்கு: நீங்கள் சொன்ன மாதிரி கம்பெனிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அதனால்தான் சேருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்கிறேன். காயத்ரி, நேர்காணலில் சம்பளம் கேட்ட கையோடு இதைக் கேள்: "நான் ஒரு இடத்தில் போய் இந்த ட்ரம்மை எடுக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்?" பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். "கெமிஸ்ட் நிறுத்தினால் நிறுத்தியதுதான், கஸ்டமரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று சொன்னால் சேரு. "அது நிலைமையைப் பொறுத்தது" என்று இழுத்தால் கூலிமுக்கே போ. பட்டம் படித்த ஆளை எதற்கு லோரியோடு அனுப்புகிறார்கள்? படிவம் நிரப்ப இல்லை, அதற்கு கிராணி (குமாஸ்தா) போதும். வேண்டாம் என்று சொல்லும்போது காரணத்தோடு சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான்.

இன்னொரு விஷயம், டேங்க் கழுவும் வேலை. கழிவுநீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை வாடை வரும் என்று படித்திருப்பாய். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குவார்கள். ஒருவர் விழுவார், தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். மீட்கப் போனவர்கள்தான் பல இடங்களில் அதிகம் செத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆள் இறங்கக்கூடாது, தீப்பற்றும் வாயு அதன் கீழ் வெடி எல்லையில் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) 10 சதவீதத்தைத் தொட்டாலும் கூடாது. அங்கீகாரம் பெற்ற கேஸ் டெஸ்டர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்கலாம். பில்டர் மாஸ்க் காற்றை வடிகட்டும், ஆக்சிஜன் கொடுக்காது. இந்தப் பயிற்சி தராமல் தொட்டிப் பக்கம் அனுப்பினால் போகவே போகாதே.

மேலே போக வழி இருக்கிறது. ஷெட்யூல்டு வேஸ்ட் நிர்வாகத்துக்கு என்று சுற்றுச்சூழல் துறை தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறது, செப்ஸ்வாம் என்பார்கள். கழிவு உண்டாக்கும் தொழிற்சாலைகளுக்கு அந்த ஆள் வேண்டும். முப்பத்தைந்து வயதில் ட்ரம் எண்ண வேண்டியதில்லை, பாயான்_பாதுகாப்பு மாதிரி எதிர்ப் பக்கம் போய் உட்காரலாம். 1975 வேதியியலாளர் சட்டத்தின்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவும் செய்துகொள்.

கூலிம்_முரளி எழுதியது:

சரி அண்ணே, நிறுத்தும் அதிகாரம் பற்றிச் சொன்னது நியாயம். அந்தப் பையனுக்கு அது இல்லாமல் போனதுதான் பிரச்சினை. காயத்ரி, அப்படிப் பதில் வந்தால் நானும் தடுக்க மாட்டேன். ஆனால் கையுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காயத்ரி_பட்டர்வொர்த் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். அம்மா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார், லோரி அண்ணன் எழுதியதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சம்மதம் என்று சொல்லவில்லை, ஆனால் அழவில்லை.

நேற்று பிறைக்குப் போய்விட்டு வந்தேன். ரவி அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மேனேஜர் யோசிக்காமல், போன மாதம் ஒரு இடத்திலிருந்து எடுக்காமல் திரும்பி வந்த பதிவைக் காட்டினார், காரணம் எழுதி கெமிஸ்ட் கையெழுத்தும் இருந்தது. கையுறை அட்டவணை சுவரில் இருந்தது. கால்சியம் ஜெல் ஸ்டோரில் இருக்கிறது, லோரியில் இல்லை. கேட்டதும் குறித்துக்கொண்டார்கள். வேலையாட்களுக்கு விளக்கம் மலாயில்தான் நடக்கிறது. மாஸ்க் எடுத்துக் கொடுத்தார்கள், எனக்குப் பெரிதாக இருக்கிறது, தாடைப் பக்கம் காற்று புகுகிறது. எல்லாரும் அதே சைஸ்தான் போடுகிறார்களாம்.

செல்வி_செந்தூல் எழுதியது:

அந்த மாஸ்க்கோடு வேலைக்குப் போகாதே. அரை மாஸ்க் (மூக்கையும் வாயையும் மட்டும் மூடுவது) சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சைஸில் வரும். காற்று புகாமல் முகத்தில் பொருந்துகிறதா என்று ஃபிட் டெஸ்ட் செய்து உன் பெயரில் பதிவு வைக்கச் சொல். அங்கே இருக்கும் நேப்பாளத் தம்பிகளுக்கும் சேர்த்துக் கேள், அவர்களில் பாதிப் பேருக்கும் அது பொருந்தாது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் நாளை, மறுநாள் என்பார்கள், முன்னாலேயே கேள்.

காயத்ரி_பட்டர்வொர்த் எழுதியது:

சரி அக்கா. திங்கட்கிழமை போகிறேன். மாஸ்க், லோரியில் ஜெல், இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்து.